மலை ஏறும் பிக்கப்புக்கு எடைதான் முதல் கணக்கு

செஞ்சிக் கோட்டையைச் சுற்றியும் சிங்கவரம் ரங்கநாதர் கோயிலைச் சுற்றியும் பாறைக் குன்றுகள் நிறைந்திருந்தாலும், நம் வண்டிகள் ஓடுவது பெரும்பாலும் சமதரையில்தான். நெல்லோ மல்லாட்டையோ ஏற்றிக்கொண்டு செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்குப் போய்வரச் சிறிய பிக்கப்பே போதும். அதே வண்டி, நல்ல வாடகை வருகிறதென்று போளூர் தாண்டி ஜமுனாமரத்தூருக்கோ, கல்வராயன் மலைக்கோ, ஏற்காட்டுக்கோ ஏறும்போதுதான் எஞ்சினின் உண்மையான பலம் தெரியவரும். வாங்கிய பிறகு தெரிந்து பயனில்லை. வண்டித் தேர்வு, அபராதம், காப்பீடு, நுகர்வோர் வழக்கு எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே எண்தான்: ஆர்.சி.யில் பதிவான மொத்த எடை.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது?

100 மீட்டர் போவதற்குள் 7 மீட்டர் உயரும் சாலையை எடுத்துக்கொள்வோம். லோடோடு சேர்த்து 3 டன் எடையுள்ள வண்டியை அந்தச் சரிவு ஏறத்தாழ 210 கிலோ விசையில் பின்னால் இழுக்கும். நல்ல தார்ச்சாலையில் சமதரையில் ஓட, சக்கர உராய்வுக்காக எஞ்சின் தரவேண்டிய இழுவை இதில் நான்கில் ஒரு பங்குதான். கூடுதலாக ஒரு டன் ஏற்றினால் இன்னும் 70 கிலோ சேரும்.

இந்த இழுவையைச் சமாளிப்பது டார்க் எனப்படும் முறுக்குவிசை. குதிரைத்திறன் அதிகம் என்பதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. டாடா ஏஸ் கோல்டு பெட்ரோல் வண்டியின் 694 சி.சி. எஞ்சின் 55 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. பொலேரோ பிக்கப்பின் 2,523 சி.சி. டீசல் எஞ்சின் தருவது 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி. முன்னது ஊருக்குள் சில்லறை லோடு அடிக்கச் சிக்கனமானது. மலைக்கு முழு லோடு அடிக்கப்போகிறவர் பின்னது போன்ற எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும். அந்த டார்க் எத்தனை ஆர்.பி.எம்.மில் கிடைக்கிறது என்பதும் முக்கியம். குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே கிடைத்தால், கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பும்போது கிளட்ச் பிளேட் கருகாது.

உயரம் கூடக்கூடக் காற்றும் மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். டர்போ டீசலில் இந்த இழப்பு குறைவு.

இறக்கத்தில்தான் உயிராபத்து

ஏற்றத்தில் எஞ்சின் திணறினால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் அதே 210 கிலோ விசை வண்டியை முன்னால் தள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும். எந்த கியரில் ஏறினோமோ, அதே கியரிலோ அதற்கும் கீழான கியரிலோ இறங்க வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது தற்கொலைக்குச் சமம். குறுகிய மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பதும் சாலை விதி.

ஊக்கு மாட்டி டிரெய்லர் இழுக்கலாமா?

பட்டறையில் பின்பக்கம் ஊக்கு வெல்டு செய்து, டிராக்டர் டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டுகிறவர்கள் உண்டு. தயாரிப்பாளர் தந்த வடிவத்தை அனுமதியின்றி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 182-ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். டிரெய்லருக்குத் தனிப் பதிவும் வேண்டும். பிரேக் இல்லாத டிரெய்லர் மலை இறக்கத்தில் பிக்கப்பையே புரட்டிவிடும்.

எடை மீறினால் என்ன இழப்பு?

ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வண்டியின் வெற்று எடையைக் கழித்தால் வருவதே நீங்கள் ஏற்றக்கூடிய அளவு. மொத்த எடை 2,990 கிலோ, வெற்று எடை 1,690 கிலோ என்றால் 1,300 கிலோதான் ஏற்றலாம். ஓட்டுநரும் உடன் வருகிறவரும் இதற்குள்தான் அடக்கம். மீறினால் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அதிக லோடை அங்கேயே இறக்கவும் வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டும் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவை.

உரிமத்தில் ஒரு குழப்பம் தீர்ந்திருக்கிறது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இலகு ரக உரிமம்தான் இருக்கிறது என்று காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க முடியாது.

ஆட்களை ஏற்றுவது வேறு கதை. திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைக் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற வண்டி 2022 ஏப்ரலில் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறியவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்பது ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரக்கின் உரிமையாளரும் அவருடைய பிரதிநிதியும் மட்டும் விதிவிலக்கு. மற்றவர்களுக்கான இழப்பீடு வண்டிக்காரர் தலையில் விழும். காணியை விற்றாலும் அடைபடாத தொகையாக அது இருக்கலாம்.

ஏமாற்றப்பட்டால் எங்கே போவது?

“இரண்டு டன் போட்டாலும் மலை ஏறும்” என்று விற்பனையாளர் வாயால் சொன்னதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். அட்வான்ஸ் கொடுக்குமுன் மொத்த எடை, டார்க், முழு லோடில் ஏறக்கூடிய சரிவு அளவு, வாரண்டி நிபந்தனை ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாடகைக்கு ஓட்டும் வண்டி வணிகப் பயன்பாடு, அதனால் நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று சிலர் மிரட்டுவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தீராவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஷோரூம் வெளியூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய்தான்.

ஆணையத்தில் வண்டி நிறுவனம் முதலில் எடுக்கும் வாதம், “இவர் ஓவர்லோடு அடித்தார்” என்பதாக இருக்கும். ஆகவே சர்வீஸ் பில்லோடு, ஒவ்வொரு மலை லோடுக்கும் எடைமேடைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். எடைக்குள் ஓட்டியவர் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.