மைக்ரோலைட் வானூர்தி

மைக்ரோலைட் வானூர்தி என்பது ஒருவர் அல்லது இருவர் மட்டும் அமர்ந்து பறக்கக்கூடிய, மிகக் குறைந்த எடையுடைய, பொறியால் இயங்கும் சிறு வானூர்தி ஆகும். பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச் செல்வதற்கன்றி, பெரும்பாலும் பொழுதுபோக்கிற்காகவும் விளையாட்டிற்காகவும் இது பறக்கவிடப்படுகிறது. துணியாலான முக்கோண இறக்கையின் கீழ் மூன்று சக்கரங்கள் கொண்ட சட்டம் தொங்குமாறு அமைந்த மைக்ரோலைட் வகை டிரைக் எனப்படும்.

எடைக்குறைவே இவ்வூர்தியின் முதன்மையான பண்பு ஆகும். விலை, எரிபொருள் செலவு, தேவையான ஓடுபாதையின் நீளம் ஆகிய அனைத்தும் அதனால் குறைகின்றன. காற்றின் போக்கிற்கு இவ்வூர்தி எளிதில் ஆட்படுவதற்கும் அதே எடைக்குறைவே காரணமாகும். எனவே, எந்த வேளையில் பறக்கக்கூடாது என்று முடிவு செய்யும் அறிவு, இப்பொழுதுபோக்கில் ஊர்தியை ஓட்டும் திறனுக்கு இணையாகக் கற்பிக்கப்படுகிறது.

வரையறை

எந்த ஊர்தியை மைக்ரோலைட் எனக் கொள்வது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பிய நாடுகளில், இரண்டு இருக்கைகளுக்கு மேற்படாமலும், ஆள், எரிபொருள் உட்பட மொத்த எடை 450 கிலோகிராமுக்கு மேற்படாமலும் உள்ள ஊர்திகள் நெடுங்காலம் இவ்வகையில் அடக்கப்பட்டன. அண்மை ஆண்டுகளில் பல நாடுகள் இவ்வரம்பை 600 கிலோகிராம் வரை உயர்த்தியுள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் 1982 ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓர் இருக்கையும் ஏறத்தாழ 115 கிலோகிராமுக்கு உட்பட்ட வெற்று எடையும் கொண்ட பொறியூர்தி அல்ட்ராலைட் எனப்படுகிறது. அதனை ஓட்ட அந்நாட்டில் உரிமம் தேவையில்லை. இந்தியாவில் அத்தகைய விலக்கு இல்லை.

எடை வரம்போடு வேக வரம்பும் சேர்த்தே விதிக்கப்படுவதுண்டு. ஒவ்வோர் இறக்கைக்கும், அதற்குக் கீழே சென்றால் தூக்குவிசையை இழந்துவிடும் ஒரு குறைந்த அளவு வேகம் உண்டு. ஐரோப்பிய விதிகளில் இவ்வேகம் மணிக்கு 65 கி.மீ.க்கு மிகாதிருக்க வேண்டும் எனக் கொள்ளப்பட்டது. மெதுவாக இறங்கக்கூடிய ஊர்திக்குச் சிறிய நிலப்பரப்பு போதும் என்பதும், விபத்து நேர்ந்தாலும் மோதலின் வலிமை குறையும் என்பதும் இதற்கான காரணங்கள் ஆகும்.

வரலாறு

டிரைக்கின் இறக்கைக்கு அடிப்படையானது ரொகாலோ இறக்கை ஆகும். அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1948 இல் இதற்குக் காப்புரிமை கோரினர். விண்கலங்களை மெதுவாகத் தரையிறக்க இவ்விறக்கையைப் பயன்படுத்தலாமா என நாசா 1960களில் ஆய்ந்தது. பின்னர் வான்குடையே போதும் என முடிவாயிற்று.

விண்வெளித் துறை கைவிட்ட இவ்விறக்கை விளையாட்டுத் துறையில் நிலைபெற்றது. ஆஸ்திரேலியாவின் ஜான் டிக்கன்சன் 1963 இல் இதனுடன் முக்கோண வடிவக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இணைத்துத் தொங்குமிதவையை உருவாக்கினார். 1970களில் ஆர்வலர்கள் தொங்குமிதவைகளில் சிறு பொறிகளைப் பொருத்தத் தொடங்கினர். பிரான்சில் 1979 இல் ரோலாண் மகலோன், மூன்று சக்கரச் சட்டத்தையும் பொறியையும் தொங்குமிதவை இறக்கையுடன் இணைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் டிரைக் ஐரோப்பாவில் விரைந்து பரவியது.

அமைப்பும் இயக்கமும்

மைக்ரோலைட்டுகளில் இரு பெரும் பிரிவுகள் உள்ளன. முதலாவது, வழக்கமான வானூர்தியைப் போல வால், சுக்கான், இறக்கை மடிப்புகள் ஆகியவற்றால் கட்டுப்படுத்தப்படுவது. இரண்டாவது, வானோடியின் உடல் எடையை நகர்த்திக் கட்டுப்படுத்தப்படும் டிரைக்.

டிரைக்கில் அலுமினியக் குழாய்களின் மேல் பாலியெஸ்டர் துணி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இறக்கையின் நடுவில் உள்ள ஒரு மூட்டிலிருந்து சட்டம் ஊஞ்சல் போலத் தொங்கும். பொறியும் புரொப்பெல்லர் எனப்படும் விசிறியும் வானோடிக்குப் பின்னால் அமைந்திருக்கும். ஆஸ்திரிய நாட்டு ரோடாக்ஸ் நிறுவனத்தின் பொறிகள் இத்துறையில் பரவலாகப் பயன்படுகின்றன. அவற்றுள் 582 வகை ஏறத்தாழ 65 குதிரைத்திறன் கொண்ட இருவீச்சுப் பொறி. 912 வகை 80 குதிரைத்திறனிலிருந்து தொடங்கும் நான்குவீச்சுப் பொறி.

வானோடி தன் முன்னுள்ள குறுக்குக் கம்பியைப் பிடித்து இறக்கையைச் சாய்க்கிறார். கம்பியை முன்னே தள்ளினால் இறக்கையின் மூக்கு உயர்ந்து வேகம் குறையும். தன்பக்கம் இழுத்தால் மூக்கு தாழ்ந்து வேகம் கூடும். கம்பியை இடப்புறம் தள்ளினால் எடை வலப்புறம் நகர்ந்து ஊர்தி வலப்புறம் திரும்பும். வழக்கமான வானூர்தியின் கட்டுப்பாட்டுக் கோல் இதற்கு நேர்மாறாகச் செயற்படுவதாகும். அதனை முன்னே தள்ளினால் மூக்கு தாழும். ஆகையால், பெரிய வானூர்திகளில் பல நூறு மணிநேரம் பறந்தவராயினும் டிரைக்கில் புதிதாகப் பயிற்சி பெறுவது இன்றியமையாதது. அவசர வேளையில் கை பழைய பழக்கத்தின்படி இயங்கிவிடுவதே அவர்களுக்குள்ள பெரும் இடர் ஆகும்.

காற்றின் தாக்கம்

டிரைக்குகள் பொதுவாக மணிக்கு 70 முதல் 100 கி.மீ. வேகத்தில் பறப்பவை. காற்றின் வேகம் இதனோடு ஒப்பிடத்தக்க அளவில் இருப்பதால் பயணக் கணக்கு பெரிதும் மாறுபடும். எடுத்துக்காட்டாக, மணிக்கு 80 கி.மீ. வேகமுள்ள ஊர்தி, 40 கி.மீ. வேகக் காற்றின் திசையிலேயே 20 கி.மீ. சென்றால் அத்தொலைவை 10 நிமிடங்களில் கடக்கும். அதே காற்றை எதிர்த்துத் திரும்பி வர 30 நிமிடங்கள் ஆகும். எரிபொருளை இருவழிக்கும் சமமாகக் கணக்கிட்டவர் வழியிலேயே இறங்க நேரிடும்.

சீரான காற்றைவிடக் குழம்பிய காற்று கூடுதல் இடர் தரும். நண்பகலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்று ஊர்தியைத் தூக்கியும் அமிழ்த்தியும் அலைக்கழிக்கும். மேலும் வெப்பம் மிகும்போது காற்றின் அடர்த்தி குறைவதால், தூக்குவிசையும் பொறியின் திறனும் குறையும். இதனால் வெப்ப நாடுகளில் கதிரவன் எழுந்த பின் இரண்டு மூன்று மணிநேரமும், மறைவதற்கு முன் சற்று நேரமுமே பறப்பதற்கு ஏற்ற வேளைகளாகக் கொள்ளப்படுகின்றன.

பாதுகாப்பு

சிறு பொறிகள், குறிப்பாக இருவீச்சுப் பொறிகள், பறப்பின் நடுவே நின்றுவிடக்கூடும் என்னும் எண்ணத்துடனேயே பறக்கவேண்டும் என்பது பயிற்சியின் முதற்பாடம் ஆகும். பொறி நின்றாலும் ஊர்தி கல்லைப்போல் விழுவதில்லை, மிதந்து இறங்கும். ஒரு மீட்டர் தாழ்வதற்குள் ஏறத்தாழ ஏழு மீட்டர் முன்செல்லும் டிரைக், 300 மீட்டர் உயரத்திலிருந்து அமைதியான காற்றில் சுமார் 2 கி.மீ. செல்லும். அவ்வட்டத்திற்குள் இறங்கத்தக்க நிலம் எப்போதும் இருக்குமாறு வழியைத் தெரிந்துகொள்வது வானோடியின் கடமை.

தரையிலிருந்து எழுந்தவுடன் பொறி நின்றால் ஓடுபாதைக்குத் திரும்ப முயலாமல், நேர்முன்னே உள்ள நிலத்தில் இறங்கவேண்டும் என்பது அனைத்து நாடுகளிலும் கற்பிக்கப்படும் விதி ஆகும். தாழ்வான உயரத்தில் திரும்பும்போது வேகம் குறைந்து, இறக்கை தூக்குவிசையை இழந்து உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. 1980களிலிருந்து, ஊர்தி முழுவதையும் தாங்கி இறக்கும் வான்குடைகளும் கிடைக்கின்றன. எனினும் மிகத் தாழ்வான உயரத்தில் அவை விரிவதற்கு நேரம் போதாது.

பிற பயன்பாடுகள்

மெதுவாகவும் தாழ்வாகவும் பறக்க இயலும் என்பதால் மைக்ரோலைட்டுகள் நிழற்படம் எடுக்கவும், காட்டுயிர்க் கணக்கெடுப்பிற்கும் பயன்படுகின்றன. கனடாவின் பில் லிஷ்மன் 1993 இல் வாத்துக் கூட்டமொன்றைத் தம் ஊர்தியின் பின்னே பறக்கச் செய்து, ஒண்டாரியோவிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா வரை வழிநடத்தினார். இதே முறையில் 2001 முதல் 2015 வரை, அழியும் நிலையிலிருந்த அமெரிக்கப் பெருங்கொக்குகளின் குஞ்சுகளுக்கு வலசைப் பாதை கற்பிக்கப்பட்டது.

இந்தியாவில்

இந்தியாவில் சிறு வானூர்திப் பறப்பு நூறாண்டுக்கும் மேற்பட்ட பழமையுடையது. சென்னையில் உணவு விடுதி நடத்திவந்த டி'ஆஞ்சலிஸ் என்பவர் 1910 இல் தாமே அமைத்த ஊர்தியில் பறந்து காட்டினார். ஜே. ஆர். டி. டாட்டா 1929 பெப்ரவரி 10 அன்று இந்தியாவின் முதல் எண்ணிட்ட வானோடி உரிமத்தைப் பெற்றார். சென்னைப் பறப்புக் கழகம் 1929-30 காலப்பகுதியில் தோன்றியது. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு முதல் வானஞ்சலைக் கொண்டுவந்ததும் புஸ் மாத் என்னும் ஒற்றைப்பொறிச் சிறு வானூர்தியே ஆகும்.

மைக்ரோலைட் துறையில் இரு பயணங்கள் குறிப்பிடத்தக்கவை. தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா 1988 இல் இலண்டனிலிருந்து இந்தியாவுக்கு 23 நாட்களில் மைக்ரோலைட்டில் பறந்து வந்தார். இந்திய வான்படையின் விங் கமாண்டர்கள் ராகுல் மோங்கா, அனில் குமார் ஆகிய இருவரும் 2007 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை உலகைச் சுற்றிவந்து சாதனை படைத்தனர். அவர்கள் கடந்த தொலைவு 40,000 கி.மீ.க்கு மேற்பட்டது.

குடிசார் வானூர்திப் போக்குவரத்து இயக்ககம் இவ்வூர்திகளைப் பதிவு செய்து, பறக்கத் தகுதியுடையவை எனச் சான்றளிக்கிறது. வழக்கமான சிறு வானூர்திகளுக்கான தனியார் வானோடி உரிமம் பெற 17 வயது நிறைந்திருக்கவேண்டும். குறைந்தது 40 மணிநேரப் பறப்பும் மருத்துவத் தகுதியும் தேவை. வான்தளத்தின் அண்மைச் சுற்றுவட்டாரத்தைத் தாண்டிச் செல்வதற்கு வான்பாதுகாப்பு அனுமதியும் பெறவேண்டும். 2022 ஜூன் மாதத்தில் வெளியிடப்பட்ட தேசிய வான்விளையாட்டுக் கொள்கை, மைக்ரோலைட், பொறியுள்ள தொங்குமிதவை உள்ளிட்ட பதினொரு வகை வான்விளையாட்டுகளை ஒரே ஒழுங்கின்கீழ்க் கொண்டுவர முற்பட்டது.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் பறப்புச் சூழல்

ஒரு நிலப்பகுதி மைக்ரோலைட் பறப்பிற்கு ஏற்றதா என்பதைக் காற்று, இறங்குமிடம், வான்வெளித் தடைகள் ஆகிய மூன்றும் முடிவு செய்கின்றன. இதற்கு எடுத்துக்காட்டாகத் திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரை நெடுஞ்சாலையில் அமைந்துள்ள கங்கைகொண்டானையும் அதன் சுற்றுப்புறத்தையும் கொள்ளலாம். மேலிருந்து நோக்கின், மேற்கே மலைத்தொடரும் கிழக்கே கடலும் எல்லையாக அமைந்த, பறப்பதற்கு எளிதான சமவெளியாகவே இப்பகுதி தோன்றும்.

காற்று: தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் குவிந்து இச்சமவெளியில் வீசுகிறது. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் அமைந்தமைக்கு இதுவே காரணம். கயத்தாற்றில் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையமும் உள்ளது. மின்னாக்கத்திற்கு உகந்த ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலம் மைக்ரோலைட்டுக்கு உகந்ததன்று. மலையின் கிழக்குச் சரிவை ஒட்டிக் காற்று சுழன்று இறங்கும். இயங்கும் காற்றாலைகளுக்குப் பின்புறம் பல நூறு மீட்டர் வரை காற்று குழம்பியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். எஞ்சிய ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலைப் பொழுதுகளே ஓரளவு அமைதியானவை. அம்மாதங்களிலும் பிற்பகலில் மன்னார் வளைகுடாவிலிருந்து கடற்காற்று உள்நுழைந்து காற்றின் திசையை மாற்றிவிடும்.

இறங்குமிடம்: ஆற்றுப்பாசனப் பகுதியில் பிசான நெற்பயிர் அறுவடையாகும் வரை வயல்கள் ஈரமாக இருக்கும், வாழைத் தோட்டங்களில் இறங்க இயலாது. கங்கைகொண்டானுக்கு வடக்கே விரியும் கரிசல் நிலம் கோடையில் உறுதியானது. மழைக்குப் பின் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். வறண்ட குளங்கள் மேலிருந்து சமதளமாகத் தோன்றினாலும் வெடிப்புகளும் உடைமரப் புதர்களும் நிறைந்தவை. மின்கம்பிகள் வானிலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் கம்பங்களின் வரிசையைக் கொண்டே அவற்றை அறியவேண்டும். காற்றாலைகளிலிருந்து செல்லும் மின்தொடர்கள் இப்பகுதியில் மிகுதி. கயத்தாறு அருகே இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று பயன்பாடின்றி உள்ளது.

வான்வெளி: வாகைக்குளத்தில் 1992 இல் தொடங்கப்பட்ட தூத்துக்குடி வானூர்தி நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்வெளி கிழக்கே அமைந்துள்ளது. தெற்கே மகேந்திரகிரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் உந்துவிசை வளாகமும், கூடங்குளத்தில் அணுமின் நிலையமும், விசயநாராயணத்தில் மிக உயர்ந்த கோபுரங்களைக் கொண்ட கடற்படையின் கட்டபொம்மன் வானொலி நிலையமும் உள்ளன. இவற்றின் அருகே அனுமதியின்றிப் பறக்க இயலாது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பெப்ரவரியில் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

உயிரினங்கள்: காற்று அமைதியாக உள்ள மாதங்களே கூந்தன்குளம் பறவைகள் காப்பகத்தில் பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் காலமுமாகும். நாரை போன்ற பெரும் பறவை ஒன்று மோதினால் துணி இறக்கையோ விசிறியோ சேதமடையக்கூடும். கங்கைகொண்டானில் 2013 இல் அறிவிக்கப்பட்ட புள்ளிமான் காப்பகத்தின் மீது தாழப் பறத்தலும் தவிர்க்கத்தக்கது. பொறியின் ஒலியால் மான்கள் மிரண்டு நெடுஞ்சாலைப் பக்கம் ஓட வாய்ப்புண்டு.

இவை அனைத்தையும் கழித்துப் பார்த்தால், இப்பகுதியில் மைக்ரோலைட் பறப்பதற்கு ஏற்ற வேளை ஆண்டில் சில மாதங்களில், நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணிநேரமே என்பது விளங்கும். பெரிய வானூர்தியில் இத்தகைய வரம்புகளைக் கணித்துச் சொல்ல வானிலையாளர், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் எனப் பலர் துணை நிற்பர். மைக்ரோலைட்டில் அக்கணிப்பின் பெரும்பகுதி ஊர்தியை ஓட்டுபவரிடமே விடப்பட்டுள்ளது. காற்று சற்று மிகுந்துள்ள காலையில் இறக்கையை மடித்து வைத்துவிட்டு வீடு திரும்புவதும் இப்பொழுதுபோக்கின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

தொங்குமிதவை
மிதவை வானூர்தி
வான்குடை
காற்றுத் திறன்
கூந்தன்குளம் பறவைகள் காப்பகம்