பூச்சுக்கு அடியில் ஒரு பூச்சு

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கு அருகே கரையைக் கடந்தது. பல வீடுகளின் கூரைகள் பறந்தன. கூரையின்மேல் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. வீட்டினுள் இருக்கும் காற்று கூரையை மேலே தள்ளுகிறது. விமானத்தின் இறக்கையைத் தாங்குவதும் மேலும் கீழும் உள்ள அழுத்த வேறுபாடுதான்.

இறக்கையின் ஒவ்வோர் இடத்திலும் அழுத்தம் எவ்வளவு என்று எப்படி அறிவது? விமானத்தின் சிறு மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிப்பார்கள். மாதிரியில் நுண்துளைகள் இட்டு, அவற்றை மெல்லிய குழாய்களால் அளவுகருவியுடன் இணைப்பது ஒரு முறை. ஆனால் துளை உள்ள இடத்தில் மட்டுமே விடை கிடைக்கும்.

1980களில் சோவியத் நாட்டிலும் அமெரிக்காவிலும் வேறொரு முறை உருவாயிற்று. அதுவே அழுத்தம் உணரும் வண்ணப்பூச்சு. பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகமும் பைரீன் என்ற பொருளைக் கொண்டு இத்தகைய பூச்சுகளை உருவாக்கியுள்ளது. புற ஊதா ஒளி பட்டால் பைரீன் நீலமாக ஒளிரும். ஆக்சிஜன் மூலக்கூறுகள் மோதினால் அந்த ஒளி மங்கும். அழுத்தம் மிகுந்த இடத்தில் ஆக்சிஜனும் மிகுதி. ஆகவே அங்கே ஒளி குறைவு. எந்த அழுத்தத்திற்கு எவ்வளவு ஒளி என்று முன்னரே அளந்துகொள்வார்கள். பிறகு காற்று வீசாதபோது ஒரு படமும் வீசும்போது ஒரு படமும் எடுத்து ஒப்பிட்டால், இறக்கை முழுவதற்கும் அழுத்த வரைபடம் கிடைத்துவிடும்.

ஆக்சிஜன் பூச்சுக்குள் புக வேண்டுமே! அதற்காகப் பைரீனைச் சிலிக்கோனில் கலக்கிறார்கள். சிலிக்கோன் ஆக்சிஜனை எளிதில் உள்ளே விடும். ஆனால் உலோகத்தில் சரியாக ஒட்டாது. பெங்களூர் ஆய்வகத்தின் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கத்தில் காற்று ஒலியையும் மிஞ்சிய வேகத்தில் செல்லும். அதில் பூச்சு உரிந்தால் சோதனையே வீண்.

சிதம்பரத்தில் இரும்புக் கதவுக்கு வண்ணம் அடிப்பதைக் கவனியுங்கள். உப்புத்தாளால் துருவைத் தேய்த்துவிட்டு முதலில் பிரைமர் அடிப்பார்கள். அது இரும்பையும் பற்றும், மேல்பூச்சையும் பற்றும், துருவையும் தடுக்கும். விமான மாதிரிக்கு அடிக்கும் பிரைமருக்கு வேறு நிபந்தனைகள் உண்டு. அது வெண்மையாக இருக்க வேண்டும். அப்போதுதான் கீழே செல்லும் ஒளியும் மேலே திரும்பிவரும். டைட்டானியம் டை ஆக்சைடு அந்த வெண்மையைத் தருகிறது. பிரைமர் தானே ஒளிரக் கூடாது. ஒளிர்ந்தால் கணக்கு பிழைபடும். அதிலுள்ள பொருள்கள் மேல்பூச்சில் கலந்து அதைக் கெடுக்கக் கூடாது. மாதிரியின் வடிவம் மாறாதபடி அது மெல்லியதாகவும் வழவழப்பாகவும் அமைய வேண்டும். ஒரே பொருளில் இத்தனை குணங்களும் சேர்வது எளிதல்ல. எனவேதான் பிரைமருக்கென்றே தனி ஆராய்ச்சி தேவைப்படுகிறது.

உங்கள் வீட்டுக் கதவில் வண்ணம் உரிந்த இடத்தை உற்றுப் பாருங்கள். பிரைமர் அப்படியே இருந்து மேல்பூச்சு மட்டும் போயிருக்கிறதா? அல்லது இரண்டும் சேர்ந்து உரிந்து இரும்பு தெரிகிறதா? எந்தப் பிடிப்பு தளர்ந்தது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.