பொம்மைக்கு முதல் பூச்சு: அவசரப்பட்டால் அசலும் போகும்



கொலு பொம்மை செய்யும் நம் குழு ஒன்றில் நடந்ததை முதலில் சொல்கிறோம். கடைக்காரர் ஒருவர் 60 சிறிய மண் பொம்மைகள் கேட்டிருந்தார். உள்கடன் எடுத்து வேலை தொடங்கினார்கள். நவராத்திரி நெருங்கிவிட்டது, மழை வேறு. "பிரைமர் அடிச்சு காய வைக்க நேரமில்லக்கா, நேரா கலர் அடிச்சிடுவோம்" என்றார்கள். அங்கிருந்த நாங்களும் தடுக்கவில்லை. பத்தே நாளில் 22 பொம்மைகள் திரும்பி வந்தன. பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. உழைப்பு போனது, கடன் நின்றது.

ஏன் உரிந்தது? சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. கலரில் உள்ள தண்ணீரையும் பசையையும் மண் உறிஞ்சிக்கொள்ளும். மேலே நிற்பது வெறும் பொடிதான். உள்ளே ஈரம் இருந்தால் அது வெளியேறும்போது பெயிண்டைத் தள்ளிவிடும். பிரைமர் அந்தத் துளைகளை அடைத்து, கலருக்குப் பிடிமானம் தருகிறது. ஒரே நிறமான வெள்ளைத் தளம் கிடைப்பதால் கலரும் குறைவாகச் செலவாகும்.

செய்யும் முறை:

1. பொம்மையை பிளாஸ்டிக் கவரில் கட்டி ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். கவரின் உள்ளே நீர் முத்து கோர்த்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, காய விடுங்கள்.

2. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். எண்ணெய்க் கை படக்கூடாது.

3. தண்ணீரில் கலக்கும் வெள்ளை பிரைமரை நன்றாகக் கலக்குங்கள். டின்னில் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். காகிதக்கூழ் பொம்மை என்றால் தண்ணீர் அதிகமானால் ஊறிவிடும்.

4. உடம்புக்கு தட்டை பிரஷ், முகத்துக்கு சின்ன பிரஷ். பிரஷ்ஷை நுனி மட்டும் முக்கி, ஓரத்தில் வழித்துவிட்டு மெல்லிசாகப் பூசுங்கள். கெட்டியாகப் பூசினால் கண்ணும் மூக்கும் விரலிடுக்கும் அடைந்துபோகும். சின்ன பொம்மையில் அழகே அங்கேதான் இருக்கிறது!

5. பாதி காய்ந்த இடத்தில் திரும்ப பிரஷ் ஓட்டாதீர்கள், கோடு விழும். முழுதும் காய்ந்தபின் இரண்டாவது பூச்சு. கெட்டியான ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு மேல்.

6. காய்ந்ததும் நைஸ் உப்புத்தாளால் மெதுவாகத் தடவி, தூசி துடைத்து, பிறகே கலர்.

இன்னொன்று. பொம்மையைக் குழந்தைகள் தொடுவார்கள், வாயில் வைப்பார்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக்கூடாது என்ற அரசு விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. டின்னில் அந்த விவரம் பார்த்து வாங்குங்கள். லேபிள் இல்லாத சில்லறைப் பெயிண்ட் வேண்டாம். தேய்க்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

ஆர்டர் எடுக்கும்போதே பிரைமர் செலவையும் காயும் நாட்களையும் கணக்கில் சேர்த்து, தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம், பூச்சைக் குறைக்க வேண்டாம். அந்தக் குழு அடுத்த வருடம் 40 பொம்மைகளுக்குத்தான் ஒப்புக்கொண்டது. ஒன்றுகூடத் திரும்பவில்லை.