ரோச் லைற்றின் உள்ளே என்ன இருக்கிறது?

இரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவருக்கும், மின்சாரம் இல்லாத தற்காலிகக் கொட்டிலில் பிள்ளைகளோடு இருப்பவருக்கும் ரோச் லைற் ஆடம்பரப் பொருளல்ல. வரம்பிற் கிடக்கும் பாம்பை மிதிக்குமுன் காட்டித் தருவது அதுதான். ஆனால் அது எரியாமற் போனதும் நாம் எறிந்துவிட்டு, இருக்கிற காசில் இன்னொன்று வாங்குகிறோம். அதன் உள்ளமைப்பை விளங்கிக்கொண்டால், எறிபவற்றிற் சிலவற்றையாவது நாமே திருத்தலாம்.

பழைய ரோச்சின் பல்பினுள் மெல்லிய கம்பி ஒன்று இருந்தது. மின் பாய்ந்ததும் அது பழுக்கச் சூடாகி ஒளிர்ந்தது. பற்றறியின் சக்தியிற் பெரும்பகுதி சூடாகவே வீணாயிற்று. இப்போதைய எல்.ஈ.டி.யில் கம்பி இல்லை. மிகச் சிறிய குறைகடத்திச் சில்லு ஒன்றே உண்டு. மின் பாயும்போது அது நீல ஒளியைத் தருகிறது. மேலே பூசப்பட்ட மஞ்சட் பூச்சு அதில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. இந்த நீல எல்.ஈ.டி.யை உருவாக்கியதற்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

எல்.ஈ.டி.யின் இரண்டு குணங்களை நாம் நினைவில் வைக்கவேண்டும். ஒன்று, அது ஒருவழிப் பாதை; பற்றறியை மாறிப் போட்டால் எரியாது. மற்றது, வெள்ளை எல்.ஈ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ற் தேவை. குறைந்தால் மங்கும். சற்றுக் கூடினாலும் மின்னோட்டம் பலமடங்கு பெருகிச் சில்லைக் கருக்கிவிடும்.

புதுப் பற்றறி ஒன்று தருவது 1.5 வோல்ற். மூன்று சேர்ந்தால் 4.5 வோல்ற். எல்.ஈ.டி. 3.2 வோல்ற் எடுத்தால் மிச்சம் 1.3 வோல்ற். அதைத் தாங்கவே தடையி என்ற சிறு உறுப்பைப் பூட்டுகிறார்கள். மின்னோட்டம் 0.02 அம்பியர் எனில், 1.3 ஐ 0.02 ஆற் பிரிக்க 65 ஓம் வரும். கடையிற் கிடைக்கும் 68 ஓம் தடையி இதற்குப் பொருந்தும்.

அப்படியானால் ஒரே பற்றறியில் எரியும் ரோச் எப்படி வேலை செய்கிறது? தண்ணீர் வேகமாக ஓடும் குழாயைத் திடீரென அடைத்தால், குழாய் உதறுவதை நாம் கண்டிருக்கிறோம். ஓடிய நீர் நிற்க மறுத்து அழுத்தத்தைக் கூட்டுகிறது. இந்த ரோச்சினுள் உள்ள கம்பிச் சுருளும் அப்படித்தான். திரான்சிற்றர் ஒன்று செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை மின்னைத் திறந்து மூடுகிறது. மூடும் ஒவ்வொரு தடவையும் சுருள் வோல்ற்றைக் கூட்டி எல்.ஈ.டி.க்குத் தள்ளுகிறது. இது இலவசமல்ல, வோல்ற் கூடுமளவுக்குப் பற்றறியிலிருந்து அதிக மின்னோட்டம் போகும். ஆனாலும் வானொலிக்குப் போதாதென்று கழற்றிய பற்றறி, இத்தகைய ரோச்சில் இன்னும் சில இரவுகள் எரியக்கூடும்.

ரோச் எரியாவிட்டால் இவற்றைப் பாருங்கள்:

1. பற்றறியை வேறொரு ரோச்சிற் போட்டுச் சோதியுங்கள்.

2. சுருள்வில்லிலும் தகட்டிலும் வெள்ளை அல்லது பச்சைக் களிம்பு படிந்திருந்தால் அரத்தாளாற் சுரண்டித் துடையுங்கள். இதனாலேயே பல ரோச்சுகள் நின்றுபோகின்றன.

3. சுவிச்சின் இரு முனைகளையும் சிறு கம்பியால் இணையுங்கள். எரிந்தால் பழுது சுவிச்சில்தான்.

4. ஈயம் விட்டு ஒட்டிய இடத்தில் வயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய பற்றறியையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். நெடுநாள் பாவிக்காவிட்டால் பற்றறியைக் கழற்றி வையுங்கள்.

மேற்சொன்னவை பற்றறி போடும் ரோச்சுக்கு மட்டுமே. வீட்டு மின்சாரத்தில் நேரே செருகிச் சார்ஜ் செய்யும் மலிவான ரோச்சுகள் பலவற்றில், 230 வோல்ற்றைப் பிரித்து வைக்கும் மின்மாற்றி இல்லை. சார்ஜ் ஏறும்போது உள்ளே தொட்டால் உயிருக்கே ஆபத்து. செருகியபடி அதைத் திறக்கவேண்டாம். உடைந்த மூடியுடன் செருகவும் வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.