வெந்நீரை விளாவும் வால்வு

'வெப்பம்' பாடத்தைத் தொடங்கும்போது மாணவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில் வெந்நீரை எப்படி விளாவுவீர்கள்?" என்பதுதான். எல்லோரிடமும் பதில் இருக்கும். அங்கிருந்து கலப்பு வால்வுக்குப் போவது எளிது.

60 டிகிரி செல்சியஸ் நீர் பட்டால் சுமார் 5 விநாடிகளில் பெரியவர்களின் தோலே ஆழமாக வெந்துவிடும். குழந்தைகளின் தோல் மெல்லியது. இன்னும் விரைவில் வெந்துபோகும். அதே நீர் 49 டிகிரியில் இருந்தால் சில நிமிடங்கள் ஆகும்.

"அப்படியானால் ஹீட்டரின் சூட்டையே குறைத்துவிடலாமே?" என்று ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார். நல்ல கேள்வி. 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகும். அது கடும் நிமோனியாவை உண்டாக்கும். 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பரவியபோதுதான் உலகம் அதை அறிந்தது. எனவே கலனில் 60 டிகிரி, குழாயில் சுமார் 40 டிகிரி. இரண்டையும் இணைப்பது வெப்பக் கட்டுப்பாட்டுக் கலப்பு வால்வு.

இதற்குள் மெழுகு அடைத்த சிறு குப்பி உண்டு. கலந்த நீர் சூடேறினால் மெழுகு விரிந்து தண்டைத் தள்ளும். வெந்நீர் வழி குறுகி, தண்ணீர் வழி அகலும். ஆறினால் மெழுகு சுருங்கும். சுருள்வில் தண்டைப் பின்னுக்குத் தள்ளும். தண்ணீர் வரத்து நின்றால் வெந்நீரையும் அடைத்துவிடும். சாதாரண மிக்சர் குழாயில் இந்தப் பாதுகாப்பு இல்லை. பக்கத்துக் குழாயை யாரேனும் திறந்தாலே சூடு ஏறிவிடலாம்.

இதைக் கணக்காகவும் கொடுக்கிறேன். 60 டிகிரி வெந்நீரையும் 25 டிகிரி தண்ணீரையும் கலந்து 40 டிகிரி பெற வேண்டும். வெந்நீர் இழப்பது 20 டிகிரி, தண்ணீர் பெறுவது 15 டிகிரி. ஆகவே விகிதம் 3:4. 14 லிட்டர் வாளிக்கு வெந்நீர் 6 லிட்டர், தண்ணீர் 8 லிட்டர். வகுப்பில் வெதுவெதுப்பான நீரும் வெப்பநிலைமானியும் கொண்டு சரிபார்க்கலாம். வெந்நீரை ஆசிரியரே கையாள வேண்டும்.

உப்புநீர் உள்ள ஊர்களில் வால்வில் உப்புப் படிந்து இறுகிவிடும். ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும். வால்வு இல்லாத வீடுகளுக்கு ஒரே விதி: வாளியில் முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர். சுட்டுவிட்டால் மையோ பற்பசையோ தடவாமல், 20 நிமிடம் ஓடும் குழாய்நீரில் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். இந்த இரண்டையும் மாணவர்கள் வீட்டில் சொன்னாலே பாடம் பயன்பட்டுவிட்டது.