தரை தட்டாமல் கரை சேர

மல்லிப்பட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் கரையோரக் கடலில் ஆழம் குறைவு. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 1 மீட்டர்கூட இருக்காது. “இவ்வளவுதானே” என்று நினைக்காதீங்க. டீசல், ஐஸ், வலை ஏற்றிய விசைப்படகுக்கு அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரே சில நேரம் அதற்கும் குறைவுதான்.

அதனால் ஆழமில்லாத வாய்க்காலுக்குள் தண்ணீர் ஏறும்போது நுழையுங்கள். அப்போது தரை தட்டினாலும் கொஞ்ச நேரத்தில் கடலே படகைத் தூக்கிவிடும். வற்றும்போது தட்டினால் அடுத்த ஏற்றம் வரை காத்திருக்கணும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உச்ச ஏற்றத்தில் சிக்கினால் இன்னும் மோசம். அடுத்து வரும் நாட்களில் ஏற்றம் குறைந்துகொண்டே போகும். படகு மிதக்க இரண்டு வாரம்கூட ஆகலாம்.

வேகமும் வம்புதான். ஆழம் குறைந்த இடத்தில் வேகமாகப் போனால் படகு இன்னும் கீழே அமிழும். தட்டிடுச்சா? முழு விசையில் பின்னால் எடுக்காதீங்க. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரோடு சேறும் உள்ளே போகும். பாரத்தைக் குறைத்து, ஏற்றத்துக்குக் காத்திருங்கள்.

போன வருஷம் போனில் சேமித்த ஜி.பி.எஸ். பாதையை அப்படியே நம்ப வேண்டாம். பருவமழைக்குப் பிறகு மணல் திட்டுகள் இடம் மாறியிருக்கலாம். ஏற்ற நேரமும் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்காய்ஸ் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். உயர் அலை எச்சரிக்கைக்கு ‘சமுத்ரா’ செயலி இருக்கிறது.

கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.