ஸ்கேலின் ஓரத்தில் விழாத தையல்

திருக்கோவிலூர் என்றதும் உலகளந்த பெருமாள் கோயில் நினைவுக்கு வரும். மூன்றடி மண் கேட்டு வாங்கி, காலாலேயே உலகை அளந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்று வேறொரு காலைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அது தையல் மெஷினின் கால். துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்குமே, தையல்காரர்கள் 'ஃபுட்' என்பார்களே, அதுதான். அதற்கும் அளக்கத் தெரியும்.

உங்களில் பலர் வீட்டில் தையல் மெஷின் இருக்கும். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவசமாகக் கொடுத்த மெஷினாகவும் இருக்கலாம். அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளின் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்து அக்காக்களும் அத்தைமார்களும் இப்படிப்பட்ட மெஷின்களில்தான் தைக்கிறார்கள். அதே மெஷினில் குவில்ட் என்னும் மெத்துப் போர்வையும் தைக்கலாம்.

குவில்ட்டுக்கு மூன்று அடுக்கு. மேலே வெட்டுத்துணிகளை இணைத்த வண்ணத்துணி, நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி. பஞ்சுக்குள் மாட்டிக்கொண்ட காற்று அசையாமல் நிற்கும். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் உடம்பின் சூடு வெளியே ஓடாது. கல்வராயன் மலையில் மார்கழி இரவைக் கழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் பஞ்சை அப்படியே விட்டால் ஒரு மூலையில் போய்த் திரண்டுகொள்ளும். அதைத் தடுக்கத்தான் மூன்று அடுக்கையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்கிறார்கள். வங்காளத்துக் காந்தாவில் பழைய புடவைகளை அடுக்கிக் கையால் தைப்பார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் சித்தி சமூகப் பெண்கள் 'கவந்தி' போர்வையை ஓரத்தில் தொடங்கி உள்நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். நம் வீடுகளிலும் கைக்குழந்தைக்குப் பழம்புடவையை மடித்துத் தைத்து விரிப்பது உண்டு. சென்னையில் 2019 ஜனவரியில் இந்தியக் குவில்ட் விழாவே நடந்தது.

இனி மெஷினுக்கு வருவோம். ஊசி இறங்கும் தகட்டைக் கவனியுங்கள். அதன் நடுவே சின்னப் பல்வரிசை எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு தையலுக்கும் அந்தப் பற்கள் துணியை ஒரே அளவு நகர்த்தும். அதனால்தான் தையல் சீராக விழுகிறது. ஆனால் பற்களுக்குத் தெரிந்ததெல்லாம் நேராக நகர்த்துவதுதான். பூ, அலை, வட்டம் என்று வளைத்து வளைத்துத் தைக்க வேண்டுமென்றால் பற்களை இறக்கிவிட வேண்டும், அல்லது தகடு போட்டு மூட வேண்டும். பிறகு துணியை நகர்த்துவது உங்கள் கைதான்.

அப்போது தையலின் நீளத்தை யார் முடிவு செய்வது? ஊசி நிமிடத்துக்கு 600 முறை இறங்குகிறது என்று வையுங்கள். நொடிக்கு 10. கை நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு தையலும் இரண்டரை மில்லிமீட்டர். கை அவசரப்பட்டு 50 மில்லிமீட்டர் போனால் தையல் இரட்டிப்பு நீளமாகிவிடும். கை தயங்கினால் ஒரே இடத்தில் நூல் குவியும். இரண்டு வேகமும் ஒத்துப்போவது பழகப் பழகத்தான் வரும்.

வேகம் பழகினாலும் கோடு நடுங்கும். அதற்குத்தான் ஸ்கேல். இது கண்ணாடிபோல் தெரியும் தடித்த அக்ரிலிக் பலகை. நேராக, வளைவாக, அலையாகப் பல வடிவில் வெட்டியிருப்பார்கள். அடியில் வழுக்காத பட்டை ஒட்டியிருக்கும். இடக்கையால் ஸ்கேலைத் துணிமேல் அழுத்திக்கொண்டு, துணியும் ஸ்கேலும் சேர்ந்தே நகர, அதன் ஓரம் மெஷினின் காலை உரசியபடி போக வேண்டும். இதற்கென்று உள்ள கால் வட்டமானது, சுற்றுச்சுவர் உயரமானது. வட்டத்தின் விட்டம் அரை அங்குலம். ஊசி சரியாக நடுவில் இறங்கும்.

அப்படியானால் தையல் எங்கே விழும்? ஸ்கேலின் ஓரத்திலா? இல்லை. ஓரத்திலிருந்து கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் தள்ளி விழும். இந்த இடைவெளி மனதில் பதிந்துவிட்டால் பாதி வித்தை கைக்கு வந்த மாதிரி. நேர்கோட்டில் இது பெரிய விஷயமில்லை. வட்டத்தில்தான் வேடிக்கை. 4 அங்குல வட்டம் தைக்க மூன்றரை அங்குலப் பலகைதான் வேண்டும், ஏனென்றால் இரு பக்கமும் கால் கால் அங்குலம் கூடும். பலகையில் ஓட்டை போட்டு உள்பக்கமாக ஓட்டினால் அதே அளவு குறையும். வளையல் கடையில் 2-4 என்று கேட்டு வாங்குகிறீர்களே, அதன் உள்விட்டம் 2 அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும். இரண்டே கால் அங்குலம். அந்த அளவு ஓட்டைக்குள் காலை ஓட்டினால் ஒன்றே முக்கால் அங்குல வட்டம் கிடைக்கும்.

மூலைகள் இன்னும் விசித்திரம். சதுரப் பலகையைச் சுற்றி வெளியே தைத்தால் நான்கு மூலையும் மழுங்கி வளைந்துவிடும். அதே சதுரம் ஓட்டையாக இருந்து உள்ளே தைத்தால் மூலைகள் கூராக விழும்! வட்டக்கால் ஓட்டையின் மூலைக்குள் நுழைவதே இல்லை. ஆனாலும் இரண்டு சுவரையும் ஒருசேரத் தொட்டதும் அங்கேயே திரும்பிவிடுகிறது, அதனால் ஊசியின் தடம் கூராகிறது. எனக்கு இந்த வித்தையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஓர் எச்சரிக்கை. பள்ளி ஸ்கேலை இதற்குக் கொண்டுபோகாதீர்கள். அதன் ஓரம் மெலிசு. மெஷினின் கால் அதன்மேல் ஏறிவிடும், ஊசி ஸ்கேலில் குத்தி உடைந்து கண்ணுக்கே தெறிக்கலாம். தையல் ஸ்கேல்கள் மெஷினின் வாகுக்கேற்ப 3 முதல் 6 மில்லிமீட்டர் தடிமனில் வருவது இதனால்தான்.

சில சமயம் தையல் விட்டுவிட்டு விழும். காரணம் அடியில் இருக்கிறது. பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஊசி கீழே போய்ச் சற்றே மேலேறும்போது, துணி நூலை உராய்ந்து பிடித்துக்கொள்ளும். மேலேற முடியாத நூல் ஊசிக்குப் பின்னால் சிறு வளையமாகப் பிதுங்கும். அடியில் இருக்கும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, அடிநூல் சுற்றிய பாபின் என்னும் சின்ன உருளையைச் சுற்றிக் கொண்டுபோகும். அடிநூலும் மேல்நூலும் பின்னிக்கொள்வது இப்படித்தான். மெத்தென்ற குவில்ட் ஊசியோடு சேர்ந்து மேலே எழும்பினால் வளையம் பிதுங்காது, கொக்கிக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் கால் துணியை விட்டு அதிகம் விலகாதபடி உயரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

மெஷின் இல்லாதவர்களும் இந்த ஸ்கேல் வித்தையைச் செய்து பார்க்கலாம். தையல் கடையில் பழைய பாபின் ஒன்று கேளுங்கள். அதன் விட்டம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். நடுத்துளையில் பேனா முனையை நிறுத்துங்கள். ஆடினால் தாளைச் சுருட்டிச் செருகுங்கள். தீப்பெட்டியை நோட்டில் அழுத்திப் பிடித்து, பாபினை அதன் ஓரத்தோடு ஒட்டி ஒரு சுற்று ஓட்டுங்கள். அடுத்து அட்டையில் சதுர ஓட்டை வெட்டி உள்ளே ஓட்டுங்கள். பிறகு வளையலின் உள்ளும் வெளியும். ஒவ்வொன்றும் எந்த அளவில் வரும் என்று முதலில் கணக்குப் போட்டு எழுதிவிட்டு, அதற்கப்புறம் அளந்து பாருங்கள்.